தொட்டி மாறும் நாளில் பாறைக்கே முதலிடம்

கோடை விடுமுறை தொடங்கினால் சென்னையில் வீடு மாறுகிறவர்கள் பெருகிவிடுவார்கள். அவர்களோடு கடல்நீர்த் தொட்டிகளும் இடம்பெயரும். நான்கடித் தொட்டியை ஆறடியாக்க நினைக்கிறவர்களும் இந்தப் பருவத்தைத்தான் பிடிக்கிறார்கள். பராமரிப்புத் தொழிலில் வேலை குவிகிற அதே வாரங்களில் கத்திரி வெயிலும் உச்சத்தில் நிற்கிறது. இந்த நெருக்கடியில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது: காலையில் தொட்டியைக் காலி செய்து, மாலைக்குள் எல்லாவற்றையும் புதிய இடத்தில் அடுக்கி, விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டுக் கிளம்புவது. மீன் பெரும்பாலும் அன்றிரவே சாவதில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து அழைப்பு வரும்போது பழி உப்பின் மேலோ கரண்டின் மேலோ போய் விழுகிறது.

உண்மையில் பார்க்க வேண்டிய இடம் பாறையும் மணலும்தான்.

ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961-இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் தன் முறையை எழுதினார். இயந்திர வடிகட்டி எதுவும் இல்லை. கடலிலிருந்து எடுத்த பாறையும் காற்றுக் குமிழிகளும் மட்டுமே. இன்று லைவ் ராக் எனப்படும் அத்தகைய பாறை இல்லாத பவளத் தொட்டியைப் பார்ப்பது அரிது. அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்தப் பாறையின் பரப்பிலும் துளைகளிலும் ஒட்டி வாழ்கின்றன. தண்ணீரில் மிதப்பவை சொற்பம். ஆகவே பழைய தண்ணீர் முழுவதையும் டிரம் டிரம்மாகச் சுமந்து போவதால் வடிகட்டும் திறன் கூடவே வந்துவிடாது. பழைய தண்ணீரின் பயன் வேறு: அதன் உப்பளவும் காரத்தன்மையும் மீனுக்குப் பழகியவை. பாதியளவு எடுத்துப்போனால் போதும். மீதியை முந்தின நாளே ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கரைத்து, பவர் ஹெட் ஓடவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் 35 காட்டுகிறதா என்று பார்த்து வைத்திருக்க வேண்டும்.

ஈரத்துணியில் சுற்றிய பாறையில் பாக்டீரியா சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். கடற்பஞ்சுகள் அப்படியல்ல, காற்றுப் பட்டால் உள்ளே அடைத்துக்கொண்டு அழுகத் தொடங்கும். அந்த அழுகல்தான் புதிய தொட்டியின் முதல் அமோனியா. ஆகவே பாறை ஒரு டப்பில் தண்ணீருக்குள் மூழ்கியபடியே பயணிக்க வேண்டும். அந்த டப்பில் ஓட்டமும் இருக்க வேண்டும். 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைக்கும். 30 டிகிரியில் அது 6.2-க்கு இறங்கிவிடும். மூடிய வேனில் மே மாத மதியம் தண்ணீர் அதற்கும் மேலே சூடேறும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இல்லாமல் வண்டியை எடுப்பது சூதாட்டம்.

வேலையின் வரிசையும் முக்கியம். பாறை உள்ளே இருக்கும்போது வலையோடு மீனைத் துரத்தினால் மீனும் களைக்கும், பவளமும் உடையும். முதலில் தண்ணீரைப் பாதி இறக்கி, பாறைகளை ஒவ்வொன்றாக டப்புக்கு மாற்றி, கடைசியில் மீனைப் பிடிப்பதே சுலபம். டேம்சல் போன்ற சிறு மீன்கள் பாறைத் துளைக்குள்ளேயே ஒளிந்து டப்புக்கு வந்துவிடும்; பயந்த ராஸ் மணலுக்குள் புதைந்து கிடக்கும். தலை எண்ணாமல் தொட்டியைக் கவிழ்க்கக் கூடாது. சர்ஜன் மீனின் வாலடி முள் வலையில் சிக்கினால் அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஓட்டிப் பிடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

மணல்தான் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் என்பது இவ்விதழின் கருத்து. ஓராண்டுக்கு மேல் கிடந்த மணலின் அடியில் கழிவும், ஆக்சிஜன் எட்டாத இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்திருக்கும். கிளறியதும் எழும் அழுகிய முட்டை நாற்றமே அதற்குச் சாட்சி. அதை அப்படியே அள்ளிப் புதிய தொட்டியில் கொட்டுவது, பல மாதக் கழிவை ஒரே மணி நேரத்தில் கரைத்துவிடுவதாகும். புதிய மணலைக் கழுவிப் போட்டு, பழையதன் மேல்பரப்பிலிருந்து ஒரு கோப்பை மட்டும் சேர்த்தால் போதும்.

அமோனியா எவ்வளவு நச்சு என்பதை பி.எச். தீர்மானிக்கிறது. பி.எச். ஓர் அலகு ஏறினால் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகும். வெளியூரிலிருந்து கூரியரில் வந்த பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். தாழ்ந்திருக்கும், பையைத் திறந்ததும் வாயு வெளியேறி அது ஏறும். அந்தத் தண்ணீரிலேயே மீனை வைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது தீங்கு. உள்ளூருக்குள் ஏர் பம்ப்போடு டப்பில் வந்த மீனுக்கு அந்தச் சிக்கல் இல்லை, நிதானமாகப் பழக்கலாம். நைட்ரைட்டுக்காகப் பதற வேண்டியதில்லை. கடல்நீரிலுள்ள குளோரைடு அது செவுள் வழியே புகுவதைத் தடுக்கிறது.

தொழிலாளியின் உடம்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில சோவாந்திட் பவளங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அமெரிக்காவின் ஆங்கரேஜ் நகரில் 2014-இல் இவ்வகைப் பவளங்களை வீட்டுத் தொட்டிக்கு மாற்றிய குடும்பத்தினர் நோயுற்றார்கள். இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் கிராமத்தில் 2018-இல் தொட்டியைச் சுத்தம் செய்யப்போய், வீட்டாரோடு உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. சோவாந்திட் ஒட்டிய பாறையைச் சுரண்டுவதும் கொதிக்க வைப்பதும் கூடாது. கையுறையும் கண்ணாடியும் வேலைப் பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டும்.

போன பாறைக்கு மாற்று வாங்குவதும் எளிதல்ல. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீரில் மூழ்கியதற்குப் பவளப்பாறை வெட்டியெடுத்ததும் காரணம். அங்கிருந்து ஒரு கல் வந்தாலும் அது குற்றம். உலர்பாறை வாங்கிப் பழைய பாறையோடு வைத்து உயிரேற்றுவதே நேர்வழி. அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

ஆகவே தொழிலில் இருப்பவர்கள் தங்கள் விலைப்பட்டியலில் ‘இடமாற்றம்’ என்ற ஒற்றை வரியை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது: முந்தின நாள் தண்ணீர்த் தயாரிப்பு, மாற்றும் வேலை, அதன்பின் ஒரு வாரம் அமோனியாப் பரிசோதனை. இரண்டாம் வருகைக்கான கூலியை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் வாடிக்கையாளர் பேரம் பேசுவாரே தவிர, பிறகு சண்டைக்கு வரமாட்டார். அந்த ஒரு வாரமும் தீனியைக் குறைத்து, விளக்கு நேரத்தைச் சுருக்கி, மாற்றுவதற்குக் கொஞ்சம் உப்புநீரைக் கையிருப்பாக வைக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டு வருவதும் அந்தக் கூலிக்குள் அடங்கும்.