டயாலிசிஸ்: இயந்திரம் மட்டும் போதுமா?

மாவட்ட ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் வசதி செய்துதரும் தேசியத் திட்டத்தை 2016 பட்ஜெட்டில் அப்போதைய நிதி மந்திரி அருண் ஜேட்லி அறிவித்தார். ஆண்டுதோறும் புதிதாக 2.2 லட்சம் பேருக்குச் சிறுநீரகம் முற்றிலும் பழுதாகிறது. அதனால் மேலும் 3.4 கோடி முறை டயாலிசிஸ் தேவைப்படுகிறது. ஒரு முறைக்குச் சுமார் 2,000 ரூபாய் ஆகிறது என்று அவர் கணக்குச் சொன்னார்.

வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு வாரம் 3 முறை வருகிறது. நடைமுறையில் பலர் 2 முறையோடு நிறுத்திக்கொள்கின்றனர். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்குச் சிகிச்சை இலவசம்தான். ஆனால் பஸ் செலவும் இழந்த கூலியும் பலருக்குக் கிடைப்பதில்லை.

ஒரு முறைக்குச் சுமார் 4 மணி நேரம். தவறாமல் 3 முறை போனாலும் வாரத்தின் 168 மணியில் இயந்திரம் வேலை செய்வது 12 மணி. மீதி 156 மணியும் நோயாளியின் பொறுப்பு. அதற்கு அவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

சூடு தணிய இளநீர் கொடுப்பது நம்மவர் வழக்கம். அதிலுள்ள பொட்டாசியம் இவர்கள் ரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் தாகத்தைக் கிளப்பும். குடித்த தண்ணீர் உடம்பில் தங்கி மூச்சுத் திணறலில் கொண்டுவிடும். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த கையால் பாரம் தூக்கலாகாது. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடலாகாது. இணைத்த இடத்தைத் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கும் மத்திய அரசு 2019-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தொலைவில் இருப்போருக்கு இது பெரும் உதவி. ஆனால் கை சுத்தம் தவறினால் வயிற்றில் சீழ் பிடிக்கும். இங்கும் பயிற்சியே பிரதானம்.

வெளி மாநிலத்தில் பிழைக்கும் தமிழருக்கோ மொழியும் ஒரு தடை. நர்ஸ் இந்தியிலோ மராத்தியிலோ கன்னடத்திலோ சொல்வதற்குத் தலையாட்டிவிட்டுத் திரும்புவோர் உண்டு. டாக்டரிடம் திருப்பிக் கேட்கக் கூச்சம் வேறு.

விவரம் தெரிந்தவர் முறை தவறாமல் போகிறார். முடிந்த வேலையைப் பார்க்கிறார். குடும்பமும் நிம்மதியாக இருக்கிறது. ஆகவே, இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்கும் அரசு, ஒவ்வொரு மையத்திலும் நோயாளியின் மொழியில் பொறுமையாகச் சொல்லித்தர ஓர் ஆளையும் நியமிக்க வேண்டும். அதுவரை, டாக்டர்களைக் கொண்டு சரிபார்த்து ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை அச்சிட்டு வழங்கும் பணியை ஆங்காங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் ஏற்கலாம். செலவு சொற்பம், காப்பாற்றப்படுவது உயிர்.