மனவடுவோடு வகுப்பறைக்கு வரும் ஆசிரியர்கள்



புலம்பெயர்ந்த மண்ணில் தமிழை வாழவைப்போர் யாவர் என்று கேட்டால், வார இறுதித் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களையே முதலிற் குறிப்பிட வேண்டும். ஐந்து நாளும் வேறு தொழில் செய்து களைத்தவர்கள், ஆறாம் நாட் காலையில் நம் பிள்ளைகளுக்கு அகரம் எழுதக் கற்பிக்கின்றார்கள். அவர்களை ஆண்டுதோறும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகின்றோம். ஆயினும் அவர்களுட் சிலர் சுமந்து வரும் ஒரு சுமையைப் பற்றி மட்டும் நாம் பேசுவதில்லை. போர் அவர்களது உள்ளத்தில் விட்டுச்சென்ற வடுவே அது.

இலங்கையில் 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. குண்டுவீச்சையும் இடப்பெயர்வையும் உறவுகளின் இழப்பையும் கண்டவர்களுட் பலர் காலப்போக்கில் தேறிவிட்டனர். வேறு சிலருக்கு அந்த நாட்கள் இன்னும் கடந்துபோகவில்லை. இந்நிலையை 1980 ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனியொரு நோயாக வகைப்படுத்தியது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று தமிழில் வழங்கப்படும் இதனை ஆங்கிலத்திற் சுருக்கமாகப் பி.ரி.எஸ்.டி. என்பர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் அவர்கள் 'மனவடு' என்ற பெயரிலேயே தமிழில் நூல் எழுதினார். பெயரும் விளக்கமும் நம் மொழியில் உள்ளன. பேசும் துணிவே குறைவாக உள்ளது.

இந்நோய் வகுப்பறையில் எவ்வாறு வெளிப்படும்? வெள்ளி இரவு கொடுங்கனவால் உறக்கம் கெட்டவர், சனிக்கிழமை காலை இருபது பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே நிற்க வேண்டும். கதிரையொன்று சரிந்து விழும் ஓசை, தீ எச்சரிக்கை மணி, நவம்பர் 5 ஆம் நாளை ஒட்டி இங்கிலாந்தில் வெடிக்கும் வாணவேடிக்கை ஆகிய ஒவ்வொன்றும் உடலை ஒரு கணத்திற் போர்க்களத்துக்கு இழுத்துச்சென்றுவிடும். நெஞ்சு படபடக்கும், சொல்லவந்த சொல் மறந்துபோகும். சிலருக்கு எளிதிற் சினம் மூளும். சிலர் உணர்வற்றவர் போலத் தோன்றுவர். "அந்த ஆசிரியை சிரிப்பதேயில்லை" என்று நாம் குறைகூறுகின்றோம். சிரிக்க விரும்பியும் இயலாதவர் அவர் என்பதை அறிவதில்லை. "எங்கள் ஊர்" என்ற தலைப்பிற் கட்டுரை எழுதுவிக்கும் பாடத்தை ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் தள்ளிவைப்பாராயின், அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

"இத்தகையவர் பிள்ளைகள் முன் நிற்கலாமா?" என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. பிள்ளைகளின் நலனே முதன்மையானது. சினம் பிள்ளைகள் மீது பாயும் நிலை வருமாயின், அவ்வாசிரியர் சிலகாலம் வகுப்பை விட்டு விலகி ஓய்வுபெறத்தான் வேண்டும். அவரது இடம் அவருக்காகக் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் நோய் உண்டு என்பதொன்றே தகுதியின்மை ஆகாது. நீரிழிவு உள்ளவர் மருந்தும் உணவொழுங்கும் கொண்டு பணிபுரிவதை நாம் ஐயுறுவதில்லை. உளநோய்க்கு மட்டும் ஏன் வேறு நீதி? உண்மையான ஆபத்து, நோயை மறைத்துத் தனியே போராடும் நிலையிலேதான் உள்ளது.

ஆசிரியர் தாமாகச் செய்யக்கூடியவை சில உண்டு. பாடத்தை வாரத்தின் நடுவிலேயே எழுதிவைத்தால், உறக்கமற்ற நாளில் அந்த ஏடே வகுப்பை நடத்தித் தரும். வாயிலைப் பார்த்தவாறு நிற்பது சிலருக்கு ஆறுதல் தரும். பதற்றம் எழும்போது பாதங்களை நிலத்தில் ஊன்றி, மூச்சை மெல்ல வெளிவிட்டு, கண்முன் உள்ள ஐந்து பொருட்களை மனத்துள் பெயர்சொல்லி எண்ணலாம். இவை முதலுதவி மட்டுமே. மனவடுவை மையமாகக் கொண்ட உளச்சிகிச்சையும், கண்ணசைவுகளைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். என்னும் சிகிச்சையும் பயன்தருபவை என ஆய்வுகள் காட்டியுள்ளன. சிலருக்கு மருந்துகளும் உதவும். இங்கிலாந்திலே தேசிய சுகாதார சேவையின் உளச்சிகிச்சைப் பிரிவைக் குடும்ப வைத்தியரின் கடிதமின்றி நேரடியாகவே நாடலாம், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

அடுத்தது நிருவாகத்தின் கடமை. 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், அன்றாட வாழ்வை நீண்டகாலம் கணிசமாகப் பாதிக்கும் உளநோயையும் இயலாமையாக ஏற்று, வேலைகொடுப்போர் நியாயமான ஒழுங்குகளைச் செய்யவேண்டும் என விதிக்கின்றது. ஊதியமின்றித் தொண்டாற்றுவோருக்கு இப்பாதுகாப்புப் பெரும்பாலும் கிட்டாது. எனவே சட்டம் வற்புறுத்தாததை நாம் மனமுவந்து செய்யவேண்டும். தீயணைப்புப் பயிற்சி நடைபெறும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்தல், வகுப்புத்தோறும் ஓர் உதவி ஆசிரியரை அமர்த்துதல், நினைவுநாள் நிகழ்வுகளிற் பங்குகொள்ள இயலாதவரிடம் காரணம் கேளாது விடுதல், நம்பி மனந்திறக்கத்தக்க ஒருவரைச் செயற்குழுவில் நியமித்தல் ஆகியவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

பெற்றோரே, "மண்டை பிழைத்தவர்" என்ற ஒரு சொல் போதும், ஒருவர் வைத்தியரிடம் செல்லாமலே நின்றுவிடுவதற்கு. பிள்ளைகளின் திருமணம் தடைப்படுமோ என்று அஞ்சி நோயை மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஆசிரியருக்கு நாம் காட்டும் கனிவு, நம் வீட்டிலேயே வாய்திறவாது வருந்தும் ஒருவருக்கும் துணிவைத் தரும்.

மாணவர்களே, உங்கள் ஆசிரியை திடீரெனப் பேச்சை நிறுத்தினால், அது உங்கள் மீதுள்ள வெறுப்பன்று. அமைதியாக அமர்ந்து அடுத்த பக்கத்தை வாசியுங்கள். கதவை அறையாதீர்கள். அவர் பட்ட துன்பங்களை அவராகச் சொல்ல முன்வரும்வரை துருவிக் கேளாதீர்கள். இன்றைய விழா முடிந்ததும் மண்டபத்திலுள்ள பலூன்களை வெடித்து மகிழ உங்களுக்கு ஆசை இருக்கும். இவ்வாண்டு அவற்றை முடிச்சவிழ்த்துக் காற்றை மெல்ல வெளியேற்றுங்கள். உங்களுக்கு அகரம் கற்பித்தவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை அதுவாகும்.