பெண்களும் சைக்கிள் சீட்டும்

மயிலாப்பூர் மாடவீதியிலோ, தியாகராய நகர் பாண்டி பஜாரிலோ, அடையாற்றிலோ ஒரு அரைமணி நேரம் நின்று, போகிற வருகிற சைக்கிள்களைக் கவனிப்பவர்களுக்கு ஒரு சங்கதி விளங்காமற் போகாது. பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் சைக்கிளில் போவதைக் காணலாம். பால் போடுகிற ஆண், பேப்பர் போடுகிற ஆண், அறுபது வயதுக் காவற்காரர் ஆகியவர்களையும் காணலாம். ஆனால் முப்பது, நாற்பது வயதுப் பெண்களைச் சைக்கிள்மேல் காண்பது அபூர்வமாகவே இருக்கின்றது. பள்ளிக்கூடம் முடிந்ததும் அந்தப் பெண்ணின் சைக்கிள் தம்பிக்குப் போய்விடுகின்றது. அல்லது மாடிப்படிக்கு அடியில் துருப்பிடிக்கின்றது.

இதற்குக் காரணம் கேட்டால், "அது பெண்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, உட்கார்ந்தால் வலிக்கிறது" என்பதாகப் பெண்களே சொல்லுகின்றார்கள். வலி இருப்பது மெய்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வலிக்குக் காரணம் பெண்ணின் உடம்பா, சீட்டா என்பதுதான் நமது கேள்வி. செருப்புக் கடித்தால் காலை வெட்டிக் கொள்வாருண்டா? செருப்பையல்லவா மாற்றுகின்றோம்! பெண் விஷயத்தில் மாத்திரம் சீட்டு கடித்தால் பெண்ணை வண்டியிலிருந்து இறக்கிவிடுவது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

உட்காரும்போது நமது பாரத்தைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகளாகும். பொதுவாகப் பெண்களுக்கு இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி ஆண்களைவிடச் சற்று அதிகம். நெடுங்காலம் ஆணின் அளவையே மனித அளவு என்று வைத்து சீட்டு செய்தார்கள். அது குறுகலாக இருந்தால் எலும்பு தாங்க வேண்டிய பாரம் நடுவிலுள்ள மெல்லிய சதையின்மேல் விழுகின்றது. வலி, மரத்துப் போதல், தோல் உராய்ந்து புண்ணாதல் யாவும் இதனால் வருபவையே. இதில் தலைவிதியும் இல்லை, பெண் ஜென்மத்தின் பாவமும் இல்லை. வெறும் அளவுக் குறைவுதான்.

நிற்க, வலியைவிடப் பெரிய பூச்சாண்டி ஒன்றும் உண்டு. சைக்கிள் ஏறினால் கன்னித்தன்மை போய்விடும், பிள்ளை பிறக்காது என்று பாட்டிமார் காதோடு காதாகச் சொல்வதுதான் அது. இது நம் நாட்டுச் சரக்கு மாத்திரமல்ல. 1890-களில் மேல்நாட்டில் பெண்கள் சைக்கிள் ஏறத் தொடங்கியபோது, அங்குள்ள வைத்தியர்களில் சிலரும் பாதிரிகளும் சீட்டினால் பெண்ணின் ஒழுக்கமே கெடும் என்று கூச்சலிட்டார்கள். அந்த நாட்டுப் பெண்கள் அதைச் சட்டை செய்யவில்லை. சவுதி அரேபியாவில் பெண்கள் பொது இடத்தில் சைக்கிள் ஓட்ட 2013-ல்தான், அதுவும் பல நிபந்தனைகளோடு, அனுமதி கிடைத்தது. உடம்பைச் சோதித்துக் கன்னித்தன்மையைக் கண்டுபிடிக்க முடியாது, அப்படிச் சோதிப்பதே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் திட்டமாகச் சொல்லிவிட்டது. ஆணுக்கு இல்லாத கற்பைப் பெண்ணுக்கு மாத்திரம் வைத்து, அதையும் கொண்டுபோய் ஒரு தோல் சீட்டின்மேல் தொங்கவிட்டவர்களின் புத்தியை என்னவென்று சொல்லுவது! அம்மன் சிங்கத்தின்மேல் ஏறி ஊர்வலம் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கின்றார்கள். வீட்டு அம்மாள் சைக்கிள்மேல் ஏறினால் முகத்தைச் சுளிக்கின்றார்கள்.

நமது மாகாணத்திலேயே இதற்குப் பதில் கிடைத்திருக்கின்றது. புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-92-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டராயிருந்து, எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பிக்கச் செய்தார். கல்லுடைப்பவர்களும் வயல் வேலைக்காரிகளும் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். குறுக்குக் கம்பியின்மேல் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலி செய்தவர்கள் அடங்கிப் போனார்கள். அடுத்து 2001-ல் தமிழ்நாடு அரசாங்கம் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு மற்றவர்களுக்கும் விரித்தது. சைக்கிள் கொடுத்தாகிவிட்டது, அதன்மேல் வலியில்லாமல் உட்காரும் வழியை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகையால் நாமே சொல்லுகின்றோம். பெட்டி செய்யும் வரிவரியான அட்டையில் ஒரு துண்டைப் பலகைமேல் போட்டு, அதன்மேல் அழுந்த உட்கார்ந்து எழுந்திருங்கள். இரண்டு குழிகள் விழும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரமே உங்கள் அளவு. முதுகை நிமிர்த்தி ஓட்டுகிறவர்களுக்குச் சீட்டின் பின்பாகம் அந்த அளவைவிட மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். குனிந்து ஓட்டுகிறவர்களுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. பருத்தவர்களுக்கு அகலச் சீட்டு, ஒல்லியானவர்களுக்குக் குறுகிய சீட்டு என்பது தப்பு. எலும்பின் அளவு சதையைப் பார்த்து வருவதல்ல.

மெத்தென்று இருப்பதெல்லாம் சுகம் என்று ஏமாறவும் கூடாது. மிகவும் மிருதுவான சீட்டில் எலும்பு அமிழ்ந்து, நடுப்பாகம் மேலெழும்பி, எங்கே அழுத்தக் கூடாதோ அங்கேயே அழுத்தும். ஓரளவு கெட்டியாகவும், நடுவில் பள்ளமோ திறப்போ உள்ளதாகவும், மூக்கு தொடையில் உராயாததாகவும் இருப்பது நலம். நமது ரோட்டுக் குழிகளுக்குக் கீழே ஸ்பிரிங் இருப்பது உபகாரமாகும்.

நல்ல சீட்டையும் தப்பாக மாட்டினால் பயனில்லை. சீட்டு மட்டமாக இருக்க வேண்டும். மூக்கு மேலே தூக்கினால் சதையை அழுத்தும். அதிகம் தாழ்ந்தால் பாரமெல்லாம் கைக்குப் போகும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். பழகுகிறவர்கள் தரையில் கால் ஊன்றத் தாழ்த்திக் கொள்ளலாம். பழகிய பின்பும் அப்படியே விட்டால் முழங்கால் வலிக்கும். இதற்கெல்லாம் வேண்டியது ஒரு ஸ்பேனரும் பத்து நிமிஷமுமே.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ரோஜா வர்ணம் அடித்து முன்னால் ஒரு கூடை மாட்டிவிட்டால் அது பெண்கள் சைக்கிள் ஆகிவிடாது. கூட வந்த புருஷனையோ அப்பனையோ கேட்டு விற்காமல், ஓட்டப் போகிறவளை உட்கார வைத்து, நாலு சீட்டை மாற்றிப் பார்க்கச் செய்யுங்கள். பெண்களும் கூச்சத்தை விட்டு, "இது எனக்கு வலிக்கிறது, வேறு கொடு" என்று வாய்திறந்து கேட்க வேண்டும். இலவச சைக்கிள் கொடுக்கும் பள்ளிக்கூடங்கள், கொடுக்கிற அன்றே சீட்டை உயர்த்தவும் தாழ்த்தவும் கற்பிக்க வேண்டும்.

1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று நம்மவர்கள் தீர்மானித்தபோது சிரித்தார்கள். 1989-ல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. சொத்துக்கு முன்னால் சைக்கிள் சீட்டு ஒரு அற்ப விஷயம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் வேலைக்கும், படிப்புக்கும், ஆஸ்பத்திரிக்கும், கூட்டத்திற்கும் ஒருவரையும் எதிர்பாராமல் புறப்படக்கூடிய பெண்ணே தன் உரிமையைக் காப்பாற்றிக் கொள்வாள். ஆகவே தோழர்களே, உங்கள் வீட்டு மாடிப்படியின் அடியில் சைக்கிள் கிடந்தால் அதை வெளியே எடுத்து, சீட்டை மாற்றி, உங்கள் மனைவியிடமும் மகளிடமும் கொடுங்கள்.