நாயை அறிமுகம் செய்துவைத்தவர் யார்?



நம் சங்கத்து நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு வினா எழுப்பினார். கைப்பேசியில் ‘நாய்’ என்று தேடினால், ஆயிரம் படங்களுள் நாயுள்ளவற்றை மட்டும் அது பொறுக்கித் தருகின்றதே, அதற்கு நாயை அறிமுகம் செய்துவைத்தவர் யார் என்றார்.

குழந்தைக்கு நாம் நாயின் இலக்கணத்தை ஓதுவதில்லை. ‘அதோ நாய்’ என்று சுட்டுகிறோம். அறிஞர்களோ நெடுங்காலம் கணிப்பொறிக்கு இலக்கணமே புகட்டினர். காது இவ்வாறு, வால் இவ்வாறு என விதி வகுத்தனர். நாய் சுருண்டு படுத்ததும் விதி பொய்த்தது!

2007-ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பெய்-பெய் லி என்னும் அம்மையார் சுட்டிக்காட்டும் வழியை மேற்கொண்டார். சீனத்தில் பிறந்து, இளமையில் அமெரிக்காவில் குடியேறி, பெற்றோரின் சலவைக்கடையிலும் உழைத்தவர் அவர். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் நூற்றுக்கணக்கான படங்களை இணையத்திலிருந்து திரட்டினார். அத்தொகுப்புக்கு ‘இமேஜ்நெட்’ என்று பெயர். ஆனால் படத்தில் இருப்பது அப்பொருள்தானா என்று பார்த்துச் சொல்வது யார்? சில மாணவர்களை அமர்த்தினால் பல்லாண்டுகள் கழியும். ஆகவே அமேசான் நிறுவனத்தின் இணையவழித் துண்டுக்கூலிச் சந்தையை நாடினார். 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேர் தத்தம் இடத்திலிருந்தே பார்த்துக் கூறினர். ஒரே படத்தைப் பலரிடம் காட்டி, அவர்கள் ஒத்துரைத்த பின்னரே ஏற்றனர். அந்நாளில் அச்சந்தையில் அமெரிக்கருக்கு அடுத்து மிகுதியாக உழைத்தவர் இந்தியரே.

2009-இல் 32 இலட்சமாயிருந்த படங்கள் பின்னர் ஒரு கோடியே நாற்பது இலட்சமாயின. ஆண்டுதோறும் போட்டியும் நடந்தது. ஒரு படத்துக்கு ஐந்து விடைகள் கூறலாம். அவற்றுள் ஒன்று சரியாயின் போதும். 2012-இல் டொராண்டோவின் ஹிண்டனும் அவருடைய மாணவர் இருவரும் வென்றனர். இரண்டாவதாக வந்த குழு நூற்றுக்கு 26 படங்களில் தவறியது; இவர்கள் பொறியோ 15-இல் மட்டுமே. தவறுந்தோறும் தன்னகத்துள்ள ஆறு கோடி எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே அது பயின்றது. பயிற்சி ஆறு நாளில் முடிந்தது. அதற்கு உதவியவை காட்சி விளையாட்டுகளுக்கென்று செய்த இரண்டே சில்லுகள் என்றால் வியப்பன்றோ!

குறையும் உண்டு. மனிதர் படங்களுக்கு இட்ட பெயர்களுள் இழிசொற்களும் இருந்தமை 2019-இல் வெளிப்பட்டது. ஏறத்தாழ ஆறு இலட்சம் படங்களை நீக்க முடிவு செய்தனர். படத்திலிருந்தவரை எவரும் கேட்டுப் பெயரிட்டதில்லை என்பதே என் மனத்தை உறுத்துகிறது.

பார்த்துக் கூறிய அந்த 49,000 பேருள் நம் இல்லத்தார் எவரேனும் உண்டாயின் சங்கத்துக்கு எழுதுக. அடுத்த இதழில் அவர் வாயிலாகவே அறிவோம்.