என் இறால் நோட்டை யாரும் கேட்கவில்லை

எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் வாங்கி விற்கும் சின்னக் கடை என்னுடையது. வெள்ளை இறால் எத்தனை கிலோ, நண்டு எவ்வளவு, மடவை வந்ததா, யார் கொண்டுவந்தார்கள் என்று தினமும் கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பேன். முன்பு அப்பா எழுதினார், இப்போது நான். 2023 டிசம்பரில் அந்த நோட்டில் பல பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. முதலில் மிக்ஜாம் புயல் வெள்ளம், அதன் பின்னாலேயே எண்ணெய்.

மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கிய எண்ணெய் அது. கூழைக்கடாக்கள் கறுப்பாகித் திரிந்தன. எங்கள் பையன்கள் கையுறைகூட இல்லாமல் வாளியால் மொண்டார்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் எர்ணாவூர் கரையில் வாளிதான். இந்த முறை மிதவைத் தடுப்பும் உறிஞ்சும் இயந்திரமும் வந்தன, கொஞ்சம் தாமதமாக.

நிவாரணத்தை நான் குறை சொல்லவில்லை. மீனவக் குடும்பங்கள் 2,301-க்குத் தலா 12,500 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, படகுகள் 787-க்குத் தலா 10,000 என்று அறிவித்தார்கள். பணம் வந்த வாரம் கடன்காரர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் குடும்பத்தை எண்ணலாம், படகை எண்ணலாம். சேற்றை எப்படி எண்ணுவது?

இந்த ஆற்றில் படகும் வலையும் இல்லாமல் பிழைப்பவர்கள் உண்டு. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் எடுப்பார்கள். அப்படி எடுக்கும் ஓர் அக்கா என் கடைக்குப் பல வருடமாக வருகிறவர். எண்ணெய் வழித்து முடித்துவிட்டதாகப் பேச்சு வந்த பிறகு ஒருநாள் கையை என் மூக்குக்கு நேராக நீட்டினார். “மேல தண்ணி நல்லாத்தான் கீது தம்பி. கீழ கைய வுட்டுப் பாக்க யாரு வந்தாங்க?”

கேள்வி அதுதான். அலையாத்தி மரம் சேற்றுக்கு மேலே நீட்டும் மூச்சுவேர்களால் சுவாசிக்கிறது. அதில் எண்ணெய் பூசிக்கொண்டால் மரம் உடனே சாகாது, மாதக்கணக்கில் மெல்லச் சாகும். சேற்றுக்குள் இறங்கிய எண்ணெய்க்குக் காற்று கிடைக்காது, அதனால் எளிதில் சிதையாது. அரசுக் கோப்புக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. கன்று நட்டால் படம் எடுக்கலாம், எண்ணிக்கை சொல்லலாம். நட்டது நின்றதா, அதன் காலடியில் இறால் குஞ்சு ஒதுங்கியதா என்று மூன்றாம் வருடம் சேற்றில் இறங்குவதற்கு யார் சம்பளம் கொடுப்பது?

இதில் இன்னொரு சிக்கல். எண்ணெய்க்கு முன்பும் எங்கள் ஆறு ஆரோக்கியமாக இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த ஆறு. மஞ்சள் மட்டி இருந்த இடத்தைக் காக்கா ஆழி என்ற வந்தேறிச் சிப்பி பிடித்துக்கொண்டு, தரையையே மூடி வைத்திருக்கிறது. மீட்பது என்றால் எந்த வருடத்து ஆற்றுக்கு? அதற்கு ஒரு பழைய கணக்கு வேண்டும். என் நோட்டு ஆய்வறிக்கை இல்லை, மீன்வாடை அடிக்கும் நோட்டு. இருந்தாலும் எந்த மாதம் எது வந்தது, எது நின்றது என்று அது சொல்லும்.

விலங்கியல் படிக்கும் என் மகள் அலாஸ்காவைப் பற்றிச் சொன்னாள். 1989-இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி எண்ணெய் கொட்டிய இடம். 1991 உடன்பாட்டில் வந்த 90 கோடி டாலரை நிர்வகிக்க மாநில அரசின் மூவரும் மத்திய அரசின் மூவரும் சேர்ந்த ஓர் அறங்காவல் குழு அமைந்தது. எந்த உயிர் அடிபட்டது, எது மீண்டது, எது மீளவில்லை என்று அது பட்டியல் போட்டு வெளியிட்டது. கடல்நீர்நாய் மீண்டதாகச் சொல்ல இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஹெர்ரிங் மீனுக்கு நேராக ‘மீளவில்லை’ என்றே எழுதிவந்தார்கள். அந்தப் பட்டியலால் ஒரு மீனும் திரும்பி வராதுதான். ஆனாலும் தன் காகிதத்தில் ஓர் அரசே ‘மீளவில்லை’ என்று எழுதுவதை நான் அதிசயமாகப் பார்க்கிறேன்.

கொசஸ்தலைக்கு அப்படி ஒரு குழு வேண்டும். எண்ணெய் கசியவிட்டவர்களிடம் வசூலிக்கும் தொகை பொதுக் கஜானாவில் கரையாமல் அந்தக் குழுவின் தனிக் கணக்கில் பத்து வருடமாவது இருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை சேற்றை எடுத்துச் சோதித்து, முடிவைக் குப்பத்துப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் உட்காரும் மேசையில் பறி கடிக்கும் அந்த அக்காவுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். பயணப்படியோடு. ஒருநாள் கூட்டத்துக்குப் போனால் அவருக்கு ஒருநாள் இறால் போய்விடும்.

நோட்டு கடையில்தான் இருக்கிறது, ஐஸ் பெட்டிக்கு மேல் பலகையில். அப்பாவின் கையெழுத்தைப் படிக்கத்தான் கொஞ்சம் சிரமம். வருகிறவர்களுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன்.