இல்லமும் நலமும்: மூச்சோடு உட்கொள்ளும் மருந்து



நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து இல்லத்தரசி ஒருவர் எழுதியது. அவருடைய மாமியாருக்கு வயது 66. பனைத்தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, அத்தகைய குடும்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவர். பருவந்தோறும் விடிலியில் அடுப்பின் முன் அமர்ந்து, பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்த்தவர். பீடி, சுருட்டு எதையும் தொட்டறியாதவர். சில ஆண்டுகளாக இருமலும் கோழையும் இருந்தன. பின்னர் கிணற்றடிக்குப் போய்த் திரும்பினாலே மூச்சிறைப்பு ஏற்பட்டது. மருத்துவர் ஊதிப் பார்க்கும் சோதனை செய்து, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று கண்டறிந்தார். நாள்தோறும் ஒரு வேளைக்கெனக் கேப்ஸ்யூல்களும், கூடவே ஒரு கருவியும் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் சென்றும் குணம் தெரியவில்லை. "இந்த மருந்து இவர்களுக்குக் கேட்கவில்லை" என்று வீட்டார் முடிவு கட்டியிருந்த வேளையில்தான், அந்தக் கேப்ஸ்யூலை மூதாட்டி வெந்நீரோடு விழுங்கி வந்த செய்தி வெளிப்பட்டது. கருவியோ உறை பிரிக்கப்படாமல் அலமாரியிலேயே இருந்தது.

இதைப் படித்து யாரும் நகைக்க வேண்டாம். அமெரிக்க நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2008ஆம் ஆண்டில், இத்தகைய கேப்ஸ்யூல்களைச் சிலர் விழுங்கிவிடுகின்றனர் என்று எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. கேப்ஸ்யூல் என்றால் விழுங்குவது என்றுதானே வாழ்நாள் முழுவதும் கற்றிருக்கிறோம்? மருந்துக் கடையில் பொட்டலத்தைக் கையில் கொடுத்தவர், உறையைப் பிரித்து ஒருமுறை செய்து காட்டியிருந்தால் அந்த மூன்று வாரமும் வீணாகியிராது. குறை மூதாட்டியினுடையது அன்று.

இந்நோய் புகைபிடிப்போரை மட்டுமே பற்றும் என்பது பலரும் கொண்டுள்ள தவறான எண்ணம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 35 லட்சம் பேர் இந்நோயால் இறந்தனர். செல்வந்த நாடுகளில் நோயாளிகளில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோருக்குப் புகையிலையே காரணம். நம்முடையதைப் போன்ற நாடுகளிலோ அது முப்பது, நாற்பது பேரோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையும் இங்கே ஒரு முக்கியக் காரணம். பனையோலை, மட்டை, சவுக்கு விறகு இவற்றின் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும்போது மூச்சுக்குழல்களின் உட்சுவர் தடித்துக் குறுகுகிறது, கோழை பெருகுகிறது, நுண்ணிய காற்றறைகள் சிதைந்து போகின்றன. சிதைந்ததை மீண்டும் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. குறுகிய குழலை விரித்து வைத்து, மூச்சிறைப்பைத் தணித்து, நோய் திடீரென முற்றி மருத்துவமனைக்கு ஓடும் நிலையைக் குறைக்கும் மருந்து உண்டு. நாள்தோறும் மூச்சோடு இழுக்கும் மருந்து அதற்காகவே கொடுக்கப்படுகிறது.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைத் தெளிவாக மனத்தில் இருத்த வேண்டுகிறோம். இன்ஹேலர்கள் இருவகை. திடீரென மூச்சு முட்டும்போது உதவுவது ஒன்று. சால்பூட்டமால் இவ்வகையைச் சேர்ந்தது. சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கி, நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அதன் ஆற்றல் ஓய்ந்துவிடும். மற்றது, முட்டினாலும் முட்டாவிட்டாலும் அன்றாடம் எடுக்க வேண்டியது. டையோட்ரோப்பியம் என்னும் மருந்தை ஒருமுறை இழுத்தால் 24 மணி நேரம் காக்கும். சால்மெட்டரால் போன்றவற்றைக் காலையும் மாலையும் எடுக்க வேண்டும். இவ்விரண்டாம் வகையை நெஞ்சு அடைக்கும் வேளையில் எடுத்துவிட்டு "உடனே இறங்கவில்லையே" என்று மறுபடியும் மறுபடியும் இழுப்பது ஆபத்து; படபடப்பும் கை நடுக்கமும் இதயத் துடிப்பில் கோளாறும் வரக்கூடும். அதேபோல, "இன்று நன்றாகத்தானே இருக்கிறது" என்று நிறுத்துவதும் தவறு. நன்றாக இருப்பதே அந்த மருந்தினால்தான். ஆஸ்துமா நோயாளிகளுக்கு மருத்துவர் வேறு முறையில் மருந்து வகுப்பதுண்டு; ஆகையால் அண்டை வீட்டாரின் இன்ஹேலரைப் பார்த்து நம்முடையதை மாற்றிக்கொள்ளலாகாது.

மருந்து ஏன் மூச்சோடு போக வேண்டும்? விழுங்கிய மாத்திரை குடல் வழியே இரத்தத்தில் கலந்து, உடம்பெங்கும் சுற்றிய பின்னரே நுரையீரலை அடைகிறது. இழுத்த மருந்தோ நேரே மூச்சுக்குழலில் படிகிறது. ஆதலால் மைக்ரோகிராம் கணக்கிலான சிறு அளவே போதுமானது. கடிதத்தில் கண்ட டையோட்ரோப்பியக் கேப்ஸ்யூலில் உள்ள மருந்து 18 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் 18 பங்கு. எஞ்சிய தூள் பெரும்பாலும் பாற்சர்க்கரை. நாவில் இலேசாக இனிப்புத் தட்டுவது அதனால்தான்.

இனி, இழுக்கும் முறை. கேப்ஸ்யூல் கருவியாயின், கேப்ஸ்யூலை எடுக்கும் நேரத்தில் மட்டுமே அதன் தகட்டுறையைப் பிரிக்க வேண்டும். முன்கூட்டிப் பிரித்து டப்பாவில் போட்டு வைத்தால், நம் கடற்காற்றின் ஈரத்தில் தூள் கட்டிப்பட்டுவிடும். கையும் கருவியும் உலர்ந்திருக்க வேண்டும். கேப்ஸ்யூலை உள்ளே இட்டு, அந்தந்தக் கருவிக்குரிய முறையில் திருகியோ அழுத்தியோ அதைத் திறக்க வேண்டும். பின்னர் முகத்தை அப்பால் திருப்பி மூச்சை முழுவதும் வெளியே விட வேண்டும். கருவிக்குள் ஊதிவிட்டால் மருந்து பறந்துவிடும். உதடுகளை வாய்ப்பகுதியைச் சுற்றி இறுக்கி, விரைவாகவும் ஆழமாகவும் வாயால் இழுக்க வேண்டும். இழுத்த மூச்சை முடிந்தால் பத்து எண்ணும் வரை அடக்கி, மெல்ல விடலாம். உள்ளே தூள் மிஞ்சியிருந்தால் இன்னொரு முறை இழுக்க வேண்டும்.

வாயுவின் அழுத்தத்தால் பீச்சும் 'பம்பு' வகைக்கு முறை வேறு. அதை நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை வெளியே விட்ட பின், மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும் அக்கணத்தில் அழுத்தி, தொடர்ந்து நிதானமாக இழுக்க வேண்டும். தூளுக்கு வேகம், பம்புக்கு நிதானம். இரண்டையும் மாற்றிச் செய்வோர் ஏராளம். கையும் மூச்சும் ஒத்துவராத முதியோருக்கு 'ஸ்பேசர்' எனப்படும் கூடு மிகவும் உதவும். அதைச் சோப்பு கலந்த நீரில் கழுவித் தானாக உலர விட வேண்டும். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி, மருந்து கூட்டின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் முறை பீச்ச வேண்டியிருப்பின் அரை நிமிடமாவது பொறுத்துச் செய்க.

பம்பில் மருந்து இருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்பலாகாது. மருந்து தீர்ந்த பின்னும் வாயு மட்டும் பீச்சிக் கொண்டிருக்கும். எண் காட்டும் வசதி இல்லையெனில் கணக்கு வைப்பதே வழி: 120 முறைக்கான பம்பைக் காலை இரண்டு, மாலை இரண்டு என்று எடுத்தால் 30 நாள் வரும். திறந்த நாளன்றே முடியும் தேதியைப் பெட்டியின்மேல் எழுதி வைத்துவிடலாம்.

ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் எடுப்போர், ஒவ்வொரு முறையும் வாயை நீரால் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கலாகாது. இதை அசட்டை செய்தால் வாயில் வெண்படலமாகக் காளான் தொற்று வரும், குரலும் கம்மும். இந்நோயாளிகளிடம் ஸ்டீராய்டு நிமோனியா காய்ச்சலுக்கும் ஓரளவு இடம் கொடுப்பதால், அது யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்வார். டையோட்ரோப்பியத்தால் வாய் உலரும். கண்ணில் நீரழுத்த நோய் உள்ளவரும், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைப்படும் ஆடவரும் அதை முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அத்தூள் கண்ணில் படவே கூடாது. கண்வலியோ மங்கலோ வந்தாலும், சிறுநீர் அடைத்தாலும், காத்திராமல் மருத்துவரைக் காண வேண்டும்.

இரண்டு மருத்துவர்களிடம் காட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஒரே மருந்து வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுவதால், ஒரே வகை மருந்து இரண்டு பெட்டிகளில் வீட்டுக்கு வந்து சேர்ந்து இரட்டிப்பாக உள்ளே போவதை நாமே கண்டிருக்கிறோம். மருத்துவரிடம் செல்லும்போதெல்லாம் இன்ஹேலர்கள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு எடுத்துச் சென்று, அவர் முன்னிலையில் இழுத்துக் காட்டுக. முறை தெரிந்தவர்களுக்கும் நாளடைவில் அது பிசகிவிடும். பம்பை அடுப்பருகிலும் வெயிலிலும் வைக்கலாகாது. தீர்ந்ததை நெருப்பில் எறிந்தால் வெடிக்கும்.

கோழை அதிகரித்து மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், காய்ச்சல் கண்டாலும், வழக்கத்திற்கு மேல் இரைத்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலம் பாரித்தல், நினைவு தடுமாறுதல் ஆகியவை கண்டால் 108க்கு அழைப்பதன்றி வேறு யோசனை கூடாது.

அந்த மூதாட்டி இப்போது கேப்ஸ்யூலை முறையாக இழுத்து வருகிறார் என்றும், கிணற்றடிக்கு இடையில் நில்லாமல் போய் வருகிறார் என்றும் மருமகள் எழுதியிருக்கிறார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அத்தை மருந்தைத் தொடுவதில்லையாம். நற்கருணை வாங்குமுன் எதுவும் உட்கொள்ளலாகாது என்று பிடிவாதமாக இருக்கிறார்களாம். மாமியாரிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுமாறு அச்சகோதரியை வேண்டுகிறோம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 919ஆம் விதி, நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உணவையும் பானத்தையும் தவிர்க்கச் சொல்கிறது. தண்ணீரையும் மருந்தையும் அதே விதி விலக்கி வைக்கிறது. முதியோருக்கும் நோயுற்றோருக்கும், அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் உண்டிருப்பினும் தடையில்லை என்கிறது. ஆகவே வழக்கமான நேரத்தில் மருந்தை இழுத்து, ஒரு மிடறு தண்ணீரும் பருகிவிட்டு, அவர்கள் தாராளமாகத் திருப்பலிக்குப் புறப்படலாம்.