பில்லைப் படிக்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்!

மும்பைத் தமிழர்களுக்கு ஒரு காலத்தில் முதல் தேதி மளிகை என்றால் சேட் கடைதான். கணக்கு நோட்டில் எழுதி வைப்பார். சம்பளம் வந்ததும் கொடுக்க வேண்டும். எடையில் குறைந்தால் சண்டை போடலாம். எதிரே நிற்பவர் தெரிந்த முகம். சண்டை போட்டவரே மறுநாள் போய்க் கால் கிலோ சர்க்கரை கடன் வாங்குவார்.

இன்று தாராவி முதல் கல்யாண் வரை அதே குடும்பங்கள் பேட்டைக்குப் பேட்டை திறந்திருக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளில் வண்டி தள்ளிக்கொண்டு நிற்கின்றன. இதைக் குறை சொல்வதற்கில்லை. பொருளை எடுத்துப் பார்க்கலாம், வேண்டாமென்றால் வைத்துவிடலாம். ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத, இந்தி தெரியாத பெண்ணும் யாரையும் கேட்காமல் துவரம் பருப்பை எடுத்துக் கூடையில் போட முடிகிறது.

ஆனால் அலமாரியிடம் பேச மொழி தேவையில்லை. கல்லாவில் பேசத் தேவைப்படுகிறது. நம்மவர்கள் தோற்பது அங்கேதான்.

அலமாரியில் ஒரு விலை எழுதியிருக்கும், பில்லில் வேறு விலை விழும். சலுகை முடிந்த பிறகும் சலுகை அட்டை தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பொருளுக்கு இரண்டுக்கும் கணக்கு ஏறியிருக்கும். மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் வரும். பின்னால் வரிசை நீளமாக நிற்கிறது. இந்தியில் தட்டுத் தடுமாறிக் கேட்டால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். "போகட்டும், பதினைந்து ரூபாய்தானே" என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

பதினைந்து ரூபாய்தான். மாதம் நான்கு முறை போனால் 60 ரூபாய், வருடத்துக்கு 720 ரூபாய். ஊருக்கு அனுப்பும் பணத்தில்தான் அது குறைகிறது. கடைக்காரருக்கோ இப்படி வாய் திறக்காத வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்!

இந்த நகரில் தொழிலாளிக்கும் பெரிய கடைக்கும் பழைய உறவு உண்டு. 1948-ம் ஆண்டு நாய்காவ் பகுதியில் மில் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடைதான் பிற்காலத்தில் அப்னா பஜார் என்று பெயர் பெற்றது. 1975-ம் ஆண்டு தோன்றிய மும்பை கிராஹக் பஞ்சாயத்து, குடும்பங்களைக் குழுவாகச் சேர்த்து மாத மளிகையை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டது. பாடுபட்டுச் சம்பாதித்த கூலி கடைத்தெருவில் கரைந்து போகக் கூடாது என்று நினைத்தவர்கள் அவர்கள். அந்த விழிப்பு இன்று நமக்கு வேண்டாமா?

சட்டம் நம் பக்கம் நிற்கிறது. பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஒரு பைசா கேட்கக் கூடாது. எடை, தயாரித்தவர் பெயர், முகவரி ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதும் இப்போது பொட்டலத்தில் அச்சாகிறது. அதைப் பார்க்கப் பழக வேண்டும். ஒரு லிட்டர் போலவே தோன்றும் எண்ணெய்ப் பாக்கெட்டில் 850 மில்லி இருக்கும், 800 மில்லி இருக்கும். மலிவு என்று எடுத்தது, கணக்குப் போட்டால் மலிவாக இராது.

பைக்குக் காசு கேட்பது இன்னொரு தொல்லை. முன்கூட்டித் தெரிவிக்காமல், பணம் கட்டும் இடத்துக்கு வந்த பிறகு பைக்குத் தனியே வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. ஆனாலும் வீட்டில் கிடக்கும் மஞ்சள் பையை மடித்து எடுத்துப் போவது எல்லாவற்றிலும் நல்லது. செல்போன் எண்ணைச் சொன்னால்தான் பில் போடுவோம் என்பதும் சரியல்ல. அப்படி வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் கண்டு பயப்படவும் வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ஆகவே பில்லைக் கசக்கி எறியாமல் ஒரு மாதமாவது வைத்திருக்க வேண்டும்.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. கல்லாவில் இருக்கும் பெண் முதலாளி அல்ல. நம்மைப் போலச் சம்பளத்துக்கு வந்தவர். விலையை ஏற்றியதும் அவர் அல்ல, அட்டையை எடுக்க மறந்ததும் அவர் அல்ல. நாள் முழுவதும் நின்றே வேலை பார்க்கும் இப்படிப்பட்டவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளம் 2018-ம் ஆண்டிலும், தமிழகம் 2021-ம் ஆண்டிலும் சட்டம் செய்தன. அந்த நாற்காலி எல்லாக் கடைக்கும் வர வேண்டும். கோபத்தை அவர் மேல் காட்டாமல் மேலாளரை அழைக்கச் சொல்வதே முறை. "பில் மே தாம் ஜ்யாதா லகா ஹை" என்ற ஒரு வாக்கியம் போதும். இலக்கணம் தப்பினாலும் காசு தப்பாது.

அங்கேயும் தீராவிட்டால் 1915 என்ற எண் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் கட்டணமில்லாத அந்த எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். பிறகும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. புகார் செய்பவர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போட இன்றைய சட்டம் அனுமதிக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிழைக்க வந்த ஊரில் நமக்கென்று யார் இருக்கிறார்கள் என்று இனி ஏங்க வேண்டியதில்லை.

தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாக்களுக்கு இடையே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். பில் படிப்பது எப்படி, புகார் எழுதுவது எப்படி என்று நாலு பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தால், அவர்கள் நாற்பது பேருக்குச் சொல்வார்கள்.

சேட் கடையில் எடைக்கல்லை உற்றுப் பார்த்த கண்கள் நம்முடையவை. எடைக்கல் போய் எந்திரம் வந்துவிட்டது என்பதற்காக அந்தக் கண்களை மூடிக்கொள்ளலாமா? பின்னால் நிற்கும் வரிசை இரண்டு நிமிடம் காத்திருக்கட்டும். பில்லைப் படித்துவிட்டே வாசலைத் தாண்டுங்கள்.